சிப்பாய்: கடலூர் முதல் நானிங் காடு வரை

கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் துப்பாக்கி ஏந்தி நடந்த இந்தியக் காலாள் வீரனுக்குச் சிப்பாய் என்று பெயர். அந்தப் படையில் இருந்த எல்லோரும் சிப்பாய்கள் ஆகிவிடவில்லை. குதிரை ஏறியவன் சவார். பீரங்கியைச் சுட்ட இந்தியன் கோலந்தாஸ். பீரங்கியை இழுக்கவும் கூடாரம் அடிக்கவும் வைத்திருந்தவன் லஸ்கர். பாதை வெட்டிப் பாலம் போட்டவன் சாப்பர். சிப்பாயின் அதே வேலையைச் செய்த வெள்ளைக்காரனோ சோல்ஜர். அவனை யாரும் சிப்பாய் என்று அழைத்ததில்லை. ஆகவே ஒருவனைச் சிப்பாய் என்ற உடனேயே அவன் நடந்து போகிறவன், பதவி வரிசையில் கடைசி ஆள், பிறப்பால் இந்தியன் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

மலாக்கா நகரத்துக்கு வடக்கே, இன்று அலோர் காஜா மாவட்டத்தில் அடங்கிய டுரியான் துங்கால், சுங்கை பெத்தாய், தாபோ நானிங் வட்டாரத்தில் தமிழர் பேச்சு முதன்முதலாகக் கூட்டமாகக் கேட்டது ரப்பர் தோட்டம் வந்த பிறகு என்றுதான் பொதுவாக எண்ணப்படுகிறது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே, 1831-லும் 1832-லும், மெட்ராஸ் பட்டாளங்களின் சிப்பாய்கள் இந்தக் காட்டுக்குள் நடந்தார்கள். அவர்களில் தமிழரும் தெலுங்கரும் தக்காணத்து முஸ்லிம்களும் இருந்தார்கள். நானிங் போர் என்று மலேசிய வரலாறு சொல்லும் அந்தச் சண்டை பிரிட்டிஷாருக்கும் மலாய்க்காரருக்கும் நடந்ததாகவே நினைவில் நிற்கிறது. களத்தில் துப்பாக்கியோடு நின்றவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷாரே அல்லர்.

சொல்லின் வேர் பாரசீகத்தில் இருக்கிறது. அந்த மொழியில் சிபாஹ் என்றால் படை. சிபாஹி, படையைச் சேர்ந்தவன். துருக்கியில் ஒட்டோமான் சுல்தான்களின் காலத்தில் சிபாஹி என்றால் குதிரைவீரன், அதுவும் நில வருவாய் மானியம் பெற்ற கௌரவமான ஆள். இந்தியாவுக்கு வந்தபோது அந்தக் குதிரையும் மானியமும் கழன்றுவிட்டன. முகலாயர் ஆட்சிப் பகுதிகளில் படைவீரன் எவனுக்கும் அது பொதுப்பெயர் ஆயிற்று. போர்ச்சுக்கீசியர் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்ப சிபாயோ ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பின்தொடர்ந்தார்கள். தமிழில் அது சிப்பாய் என்று நிலைத்தது.

பொதுப்பெயராக இருந்தது தனிப்பதவியாக இறுகியது சோழமண்டலக் கரையில்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் உள்ளூர் ஆட்களுக்கு ஐரோப்பிய முறையில் கவாத்துப் பழக்கி, வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடப் பயிற்சி கொடுத்தார்கள். ஆங்கிலேயர் அதுவரை பியூன்கள் என்ற ஆயுதம் தாங்கிய காவலாட்களை வைத்தே காலம் தள்ளினார்கள். அலுவலகத்தில் கோப்புத் தூக்குகிறவருக்கு இன்று வழங்கும் பியூன் என்ற பெயரும் அன்று காலாள் வீரனின் பெயரே. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்த பிறகுதான் கும்பினிக்குப் புத்தி வந்தது. 1748-இல் கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் சிப்பாய்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். 1758-இல் அவர்கள் பட்டாலியன்களாகப் பிரிக்கப்பட்டார்கள். இன்றைய இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் வயதை அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகிறது. பட்டாலியன் தமிழ் நாவில் பட்டாளம் ஆனது. பட்டாளத்துக்குப் போனான் என்றால் ஊரில் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சிப்பாய்க்கு மேலே நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று படிகள் இருந்தன. எல்லாம் இந்தியருக்கு உரியவை. முப்பது வருடம் உழைத்து நரைத்த சுபேதாரும், நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய பதினெட்டு வயது வெள்ளைக்கார என்சைனுக்குக் கீழ்தான். தொடக்க காலத்தில் இதற்கு விலக்குகள் இருந்தன. மதுரையை ஆண்ட யூசுப் கான் கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக உயர்ந்தவர்; கமாண்டன்ட் என்ற பதவியை மக்கள் கம்மந்தான் ஆக்கி, அவரைக் கம்மந்தான் கான்சாகிபு என்றார்கள். 1764-இல் அவரைத் தூக்கிலிட்டவர்களும் அவரை உயர்த்திய அதே கூட்டணியினர்தாம். அந்த உயரத்துக்கு ஒரு சிப்பாய் ஏறுவது அதன் பிறகு நடவாத காரியம் ஆகிவிட்டது.

சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் ஏழு ரூபாய். படை நகரும்போதும் வெளியூரில் இருக்கும்போதும் அதற்குமேல் பேட்டா என்ற படி கிடைத்தது. தமிழ்நாட்டில் லாரி ஓட்டுநர் இன்று கேட்டு வாங்கும் பேட்டா இதன் வழி வந்ததே. கையில் நிறைகிற காசு பேட்டாவில் இருந்ததால், அதைக் குறைத்தபோதெல்லாம் பட்டாளத்தில் முணுமுணுப்பு எழுந்தது. உடையும் அடையாளமும் வேறொரு புண். 1805 இறுதியில் மெட்ராஸ் படைத்தலைமை, நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கட்டளை போட்டது. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் அது வெடித்தது. 1857-க்கு அரை நூற்றாண்டு முந்தியது அது. அதைச் சிப்பாய்க் கலகம் என்பதா, சிப்பாய்ப் புரட்சி என்பதா என்பதில் தமிழ் எழுத்தாளர்கள் கலகத்தைக் கைவிட்டுப் புரட்சிக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. அடைமொழியாக நிற்கும் சிப்பாய் மட்டும் மாறவில்லை.

வங்காளச் சிப்பாய்களில் மேல்சாதியார் மிகுதி. கடல் கடந்தால் சாதி கெடும் என்று கப்பலேற மறுத்தவர்கள் அவர்களில் பலர். 1824-இல் பர்மாவுக்குப் போகச் சொன்னபோது பாரக்பூரில் அது ரத்தக்களரியில் முடிந்தது. மெட்ராஸ் சிப்பாய் பல சாதிகளிலிருந்து வந்தவன். கப்பலைக் கண்டு அவ்வளவு மிரளாதவன். அதனால் வங்காள விரிகுடாவுக்கு அக்கரையில் கும்பினிக்கு எங்கே ஆள் வேண்டியிருந்தாலும் மெட்ராஸைத்தான் கேட்டார்கள். 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவை எடுத்துக்கொண்ட பிரிட்டிஷார் கோட்டையில் சிப்பாய்களை நிறுத்தினார்கள். 1811-இல் ஜாவாவின்மேல் படையெடுக்க மிண்டோ பிரபு திரட்டிய சேனை மலாக்காவில்தான் கூடிற்று. அந்த ஊர் அதற்கு முன் ஒரே நேரத்தில் அத்தனை சிப்பாய்களைக் கண்டதில்லை.

மலாக்காக் கோட்டையில் இருந்த சிப்பாய்கள் மலாய் இலக்கியத்துக்கு ஒரு பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பது பலர் கவனிக்காத செய்தி. நவீன மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படும் அப்துல்லா, 1790-களின் பிற்பகுதியில் மலாக்காவில் கம்போங் பாலியில் பிறந்தவர். ஏமனிலிருந்து வந்து நாகூரில் பெண் கட்டிய அரபு முன்னோரின் வழி அவருடையது. மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது வழக்கம், அவரும் படித்தார். இளைஞராக இருக்கையில் கோட்டைச் சிப்பாய்களுக்கு மொழி கற்பிக்கப் போனார். அவர்களோடு பழகி இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார். தங்களுக்குப் பாடம் சொன்ன அந்தச் சிறு வயது ஆசிரியரை முன்ஷி என்று அழைத்தவர்கள் சிப்பாய்களே. ராஃபிள்ஸ் துரைக்கு எழுத்தராக இருந்ததும் பெரிய புத்தகங்கள் எழுதியதும் பிறகு. முன்ஷி அப்துல்லா என்று மலேசியப் பள்ளிப் பிள்ளைகள் இன்று உச்சரிக்கும் பட்டம் அந்தக் கோட்டைக்குள் ஒட்டிக்கொண்டது.

1824 ஒப்பந்தப்படி மலாக்கா நிரந்தரமாகப் பிரிட்டிஷாருக்கு வந்தது. 1826-இல் பினாங்கு, சிங்கப்பூருடன் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாயிற்று. நானிங் சிக்கல் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நானிங் என்பது மலாக்காவை ஒட்டிய மினாங்கபாவ் மக்களின் சிறு நாடு. பெங்குலு டோல் சைட் அதன் தலைவர். டச்சுக்காரர் காலத்தில் ஆண்டுக்கு 400 கந்தாங் நெல் கொடுத்தால் போதும் என்று இருந்தது. விளைச்சலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அது; மரியாதைக்குக் கொடுக்கும் காணிக்கை என்றே சொல்லலாம். பிரிட்டிஷ் ஆளுநர் ஃபுல்லர்ட்டனும் மலாக்கா அதிகாரி லூயிஸும் பழைய ஏடுகளைப் புரட்டி, நானிங் மலாக்காவின் ஒரு பகுதி, ஆகவே பத்தில் ஒரு பங்கு வரி வேண்டும் என்றார்கள். டோல் சைட் மறுத்தார். ஏட்டைச் சரியாகப் படித்திருந்தால் ஒரு போர் மிச்சமாகியிருக்கும்.

1831 ஆகஸ்டில் கேப்டன் வில்லி தலைமையில் 29-ஆவது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியைச் சேர்ந்த ஏறத்தாழ 150 சிப்பாய்கள், ஆறு ராத்தல் குண்டு சுடும் இரண்டு பீரங்கிகளுடன் மலாக்காவிலிருந்து புறப்பட்டார்கள். சில நாளில் முடித்துவிட்டுத் திரும்பலாம் என்பது கணக்கு. மெட்ராஸ் மாகாணத்தின் சமவெளிப் போருக்குப் பழகிய படை அது. வரிசை பிடித்து நின்று, சொன்ன சொல்லுக்குச் சுட்டு, புகை விலகியதும் கத்திமுனையோடு முன்னேறுவதுதான் சிப்பாய்க்குக் கற்றுக்கொடுத்த போர். நானிங்கில் வரிசை பிடிக்க இடமே இல்லை. ஒற்றையடிப் பாதை, இருபுறமும் காடு, காடு முடிந்த இடத்தில் முழங்கால் வரை சேறான வயல். பீரங்கி வண்டியின் சக்கரம் இறங்கினால் ஏறாது. மழையில் மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் கட்டை.

நானிங் மக்கள் அந்தக் காட்டையே ஆயுதமாக்கினார்கள். படை முன்னே போகவிட்டு, பின்னே மரங்களை வெட்டிப் பாதையின் குறுக்கே சாய்த்தார்கள். குபு என்ற மரத்தடுப்பு அரண்களுக்குப் பின்னால் நின்று சுட்டுவிட்டு, சிப்பாய்கள் நெருங்கும் முன் காட்டுக்குள் மறைந்தார்கள். ரஞ்சாவ் என்பது மூங்கிலைச் சீவிக் கூராக்கிப் புல்லுக்குள் சாய்வாக நட்டு வைக்கும் முள். மிதித்தவன் பாதம் கிழிந்து உட்கார்ந்துவிடுவான். அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முள்ளுக்கு மூன்று துப்பாக்கி போனது. அண்டை நாடான ரெம்பாவ் ஆட்களும் டோல் சைட்டுக்குத் துணை நின்றார்கள். மலாக்காவிலிருந்து அரிசியும் மருந்தும் வரும் வழி அறுந்ததும் வில்லியின் படை பின்வாங்கிற்று. இரண்டு பீரங்கிகளையும் இழுத்துவர முடியாமல், எதிரிக்குப் பயன்படாதபடி திரி வைக்கும் துளையில் ஆணியடித்து விட்டுவிட்டு வந்தார்கள். கும்பினிக்கு அதைவிடப் பெரிய வெட்கக்கேடு கிடையாது. படைக்குப் பீரங்கி கொடிக்குச் சமம்.

மெட்ராஸிலிருந்து மேலும் ஆட்கள் வரும்வரை காத்திருந்தார்கள். 1832 தொடக்கத்தில் கர்னல் ஹெர்பர்ட் தலைமையில் வந்த இரண்டாவது படையில் 5-ஆவது, 29-ஆவது மெட்ராஸ் பட்டாளங்களும், பீரங்கிப் படையும், சாப்பர்களும் இருந்தார்கள். மொத்தம் ஆயிரத்துக்கு மேல். எதிரே இருந்தவர்கள் சில நூறு பேர். இதற்கிடையில் பிரிட்டிஷார் ரெம்பாவுடன் சமாதானம் பேசி, சையத் ஷாபான் என்ற தலைவரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். இம்முறை அவசரப்படவில்லை. இருபுறமும் காட்டைத் திருத்திக்கொண்டு, அகலமான பாதை போட்டுக்கொண்டு, அங்கங்கே காவல் வைத்துக்கொண்டு ஊர்ந்தார்கள். மலாக்காவிலிருந்து தாபோ வரை ஒரு நல்ல மாட்டுவண்டி இரண்டு நாளில் போய்விடும் தூரம். மார்ச்சில் புறப்பட்ட படை தாபோவைப் பிடித்தது ஜூனில். சிப்பாயின் கையில் துப்பாக்கியைவிடக் கோடரியும் மண்வெட்டியும் அதிக நேரம் இருந்திருக்கும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தம் பங்குக்கு ஆள் குறைத்தன.

டோல் சைட் தப்பிப் போனார். 1834-இல் சரணடைந்தபோது அவரைத் தூக்கிலிடவில்லை; மலாக்காவில் வீடும் ஓய்வூதியமும் கொடுத்துக் குடிவைத்தார்கள். 1849-இல் அவர் இறக்கும்வரை மக்கள் மதிப்புக் குறையாமல் வாழ்ந்தார். போருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் செலவு. நானிங்கிலிருந்து வரக்கூடிய வரியோடு அதை ஒப்பிடவே முடியாது. இந்தப் போரைக் கண்ணால் கண்டு எழுதியவர் மெட்ராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த பெக்பி. அவருடைய நூல் 1834-இல் மெட்ராஸ் வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. மெட்ராஸ் பட்டாளத்து அதிகாரியான நியூபோல்ட் 1839-இல் வெளியிட்ட நூலும் நானிங்கை விரிவாகப் பேசுகிறது. மலாயாவின் உட்பகுதியைப் பற்றிய ஆரம்பகால ஆங்கில நூல்களில் இரண்டு இப்படி மெட்ராஸ் பட்டாளத்தின் வழியாகவே பிறந்தன. அலோர் காஜாவில் அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாற்றிலும் நானிங் போர் இடம்பெறுகிறது. சிப்பாய் மட்டும் தன் கதையைத் தானே எழுதவில்லை. அவன் வரும் இடமெல்லாம் எண்ணிக்கையாகவே வருகிறான்: இத்தனை சிப்பாய், இத்தனை பேர் காயம்.

நானிங்குக்குப் பிறகும் பல ஆண்டுகள் நீரிணைக் குடியேற்றங்களின் காவல் மெட்ராஸ் பட்டாளங்களின் பொறுப்பில் இருந்தது. சிப்பாய்கள் குடிசை போட்டுத் தங்கிய வரிசைகளுக்கு ஆங்கிலத்தில் லைன்ஸ் என்று பெயர். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஜாலான் செபோய் லைன்ஸ் என்ற சாலை இன்றும் உண்டு. சிங்கப்பூரில் பொது மருத்துவமனை இருக்கும் பகுதியும் செபோய் லைன்ஸ்தான். ஹொக்கியன் பேசும் சீனர்கள் அதைச் சி-பாய்-போ என்று தங்கள் நாவில் புரட்டிக்கொண்டார்கள். 1867-இல் இந்தக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கையிலிருந்து லண்டன் குடியேற்ற அலுவலகத்துக்கு மாறிய பின் மெட்ராஸ் சிப்பாயின் காலம் இங்கே மங்கியது. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சி வட இந்திய முஸ்லிம்கள் அடங்கிய 5-ஆவது லைட் இன்ஃபன்ட்ரியின் கதை. அதில் 47 பேர் பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

மலாக்காவில் டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் ஆசாகானில் பெருந்தோட்டம் எழுந்தது. பழைய நானிங் மண்ணிலும் தோட்டங்கள் பரவின. தமிழர் மறுபடி வந்தார்கள், இம்முறை வெட்டுக்கத்தியும் பால் வாளியுமாக. அவர்கள் குடியிருந்த வரிசை வீடு லயன். விடிவதற்கு முன் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடித்ததும் எல்லோரும் போய் நிற்கவேண்டிய இடம் பெரட்டு. கிராணி பெயர் கூப்பிட, கங்காணி ஆளை எண்ணி நிரை பிரித்துக் கொடுப்பார். லயன் பட்டாளத்து லைன்ஸ். பெரட்டு பட்டாளத்துப் பரேட். கூலி ஆட்களுக்கு மூத்தவரான தண்டல், கப்பலிலும் பீரங்கிப் படையிலும் லஸ்கர்களின் தலைவனுக்கு இருந்த பெயர். இவற்றை நானிங் சிப்பாய் விட்டுவிட்டுப் போனதாகச் சொல்வது கற்பனை. இந்தியாவிலும் இலங்கையிலும் துரைமார் தோட்டம் நடத்திய முறையே பட்டாளத்தைப் பார்த்துப் பழகியது. அந்த முறையோடு சொற்களும் கப்பலேறின. சிப்பாய் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. அங்கே வரிசையின் கடைசி ஆளுக்கு வேறு பெயர் இருந்தது.

பட்டாளம் தோட்டத்துக்குள் நேராக வந்தது ஜப்பானியர் காலத்தில். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றதும், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். பால் மரம் வெட்டியவர்கள் சிப்பாய் என்ற பதவியில் கவாத்துப் பழகினார்கள். சம்பளத்துக்கு அந்நியனிடம் சேவகம் செய்தவன் என்று அந்தச் சொல்லில் படிந்திருந்த கறை அந்த இரண்டு ஆண்டுகளில் கொஞ்சம் வெளுத்தது என்று கொள்ளலாம்.

அந்தக் கறை வேறு மொழிகளில் இன்னும் அழுத்தமாகத் தங்கியிருக்கிறது. போர்ச்சுக்கீசியர் ஆண்ட ஆப்பிரிக்காவில், அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும், வெள்ளை அதிகாரியின் கட்டளைக்குச் சொந்த மக்களை அடக்கிய கறுப்பினக் காவலாள் சிபாயோ. அர்ஜென்டினாவில் சிபாயோ என்பது அந்நிய நலனுக்கு விலைபோன அரசியல்வாதியைத் திட்டும் சொல். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் தீவிர தேசியவாதிகள் தங்கள் ஊர்ப் போலீசையே அப்படி ஏசுகிறார்கள். தமிழிலோ அது வசைச்சொல் ஆகவே இல்லை. வேலூரும் 1857-உம் சேர்ந்து அதைக் காப்பாற்றிவிட்டன.

இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் சிப்பாய் இன்றும் அதிகாரபூர்வமான ராணுவப் பதவி. காலாட்படையின் கடைநிலை வீரன் மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாய். வேறு சில ரெஜிமென்டுகளில் ரைபிள்மேன், கிரெனடியர், கார்ட்ஸ்மேன் என்று பெயர் மாறும். பொறியியல் படையில் சாப்பர், பீரங்கிப் படையில் கன்னர். ஜமேதார் 1965-இல் நாயப் சுபேதார் ஆகிவிட்டார். சிப்பாய்க்குப் பெயர் மாற்றம் வரவில்லை. தமிழ்ச் சதுரங்கப் பலகையில் முன்வரிசையில் நிற்கும் எட்டுக் காய்களும் சிப்பாய்கள். ஒரு கட்டம் ஒரு கட்டமாக நடந்து, திரும்பி வர வழியில்லாத காய்கள்.

மலேசியாவில் இந்தச் சொல்லின் இடத்தை வேறு சொற்கள் எடுத்துக்கொண்டன. படைவீரனுக்கு மலாயில் அரபு வழி வந்த அஸ்காரும், போர்ச்சுக்கீசிய வழி வந்த செர்டாடுவும், சேனைக்குத் தெந்தெராவும் உண்டு. 1933-இல் போர்ட் டிக்சனில் தொடங்கிய மலாய் ரெஜிமென்ட் மலாய்க்காரருக்கென்றே அமைந்தது. இந்தியப் படையின் பதவிப் பெயர்கள் அதற்குத் தேவைப்படவில்லை. இன்றைய மலேசியத் தரைப்படையில் கடைநிலை வீரன் பிரெபெட், ஆங்கிலப் பிரைவேட்டின் மலாய் வடிவம். டுரியான் துங்கால் பக்கம் ராணுவத்தில் சேர்ந்த பையனை வீட்டார் இப்போது ஆர்மியில் இருக்கிறான் என்பார்கள். வயதானவர்கள் பட்டாளம் என்பார்கள். மலாய்க் காதுக்குச் செபோய் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மெல்ல வீசும் காற்று: அங்கின் செபோய்-செபோய்.

(தொடரும்)